குஞ்சரி கால் வைக்காத பாலம்

முன்பு செம்பாறை நாடு என்று ஒன்று இருந்தது. அதை ஆண்ட உத்தமவழுதி நல்ல ராஜாதான். ஆனால் யாராவது பாராட்டிவிட்டால் போதும், புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்.

அவருக்கு ஒருநாள் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் ஆசை வந்தது. தாமே வரைந்தார். "நடுவில் ஒரு தூண் வேண்டும், பிரபு" என்றார் தலைமைத் தச்சர். தூண் அழகைக் கெடுக்கும் என்றார் ராஜா.

"தூண் எதற்கு? தங்கள் புகழே தாங்குமே!" என்றார் ஏகாம்பர நயினார். அரசவையில் புகழ்வதுதான் அவருக்கு உத்தியோகம். சபை முழுக்க ஆகா என்றது.

திறப்பு விழா அன்று பட்டத்து யானை குஞ்சரியின் மேல் ராஜா அமர்ந்து வந்தார். பாலத்தருகே வந்ததும் அவள் முன்னங்காலால் பலகையை மெல்லத் தட்டிப் பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டாள். அங்குசத்தால் குத்தியும் அசையவில்லை. என்ன யானை அது! ஊரே கூடி நிற்கிறதே என்ற கூச்சம் துளிகூட இல்லை.

நயினாருக்குப் பாகன் சடையன் மேல் பழைய பொறாமை. ராஜா அவனோடு சிரித்துப் பேசுவதை அவரால் பொறுக்க முடியாது. "பாகன் பழக்கிய திமிர், பிரபு!" என்று பற்றவைத்தார்.

கீழே இறங்கிய ராஜாவின் முகம் சிவந்திருந்தது. "பொழுது சாய்வதற்குள் இவள் பாலத்தைக் கடக்க வேண்டும். இல்லையேல் இவள் மரம் இழுக்கப் போவாள், நீ நாட்டை விட்டே போவாய்!"

அவளைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் சடையன். கைகட்டிச் சொன்னான்: "மகாராசா, இவ முன்னால போறவங்க பின்னாலயே போவா. பாலத்தைப் புகழ்ந்த நயினார் ஐயாவே முன்னால நடக்கட்டுமே."

"அருமை! நடவும் நயினாரே" என்றார் ராஜா.

"எனக்கு முழங்கால் வலி, பிரபு..."

"காலையில் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினீரே?"

"இப்போது நேரமும் சரியில்லை..."

"நேரம் குறித்துக் கொடுத்ததே நீர்தானே!"

நயினார் பின்னால் திரும்பிப் பார்த்தார். மலைபோல் குஞ்சரி. வேர்த்துக் கொட்ட, வலது காலை நீட்டிப் பலகையைத் தட்டினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பாத்தீங்களா மகாராசா? ரெண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம். ஐயா வாய்தான் வேற சொல்லுது."

ராஜா சிரிக்கவில்லை. "சடையா, உனக்கும் முன்பே தெரியுமா?"

"தச்சர் சொன்னப்பவே தெரியும். சபை வாசல்ல நின்ன நானும் பயத்துல ஆகான்னுதான் சொன்னேன்."

ராஜா தூணில்லாத நடுப்பாலத்தைப் பார்த்தார். "எனக்கும் அன்றே உறுத்தியதடா. உங்கள் ஆகாவை வைத்து அதை அமுக்கிவிட்டேன். இத்தனை பேரில் தன்னையே ஏமாற்றிக்கொள்ளாதவள் இவள் ஒருத்திதான்."

நடுத்தூண் எழும்பும்வரை நயினார் கல் சுமக்க வேண்டும் என்று உத்தரவானது. சடையனுக்குப் பட்டுச் சால்வை. தம் முத்துமாலையைக் குஞ்சரியின் நெற்றியில் சூட்டப் போனார் ராஜா. எட்டவில்லை.

"மண்டி போடச் சொல்லவா, மகாராசா?"

"வேண்டாம். ஏணி கொண்டு வா, நான் ஏறுகிறேன்."