பந்து அறைப் பூட்டு

சலோமி மேடம், ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷமாகக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவர். புதிதாக வந்த செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளைகளை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைவது கல்லூரிக்கு அழகில்லையாம். அணியைக் கலைக்கச் சொன்னார். மேடம் முடியாது என்றார். அவ்வளவுதான், பந்து அறைக்குப் பெரிய பூட்டு விழுந்தது. வளையங்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மனுஷனுக்கு என்ன வீம்பு பாருங்கள்.

மறுநாள் காலை மேடம் வழக்கம்போல விசிலோடு மைதானத்துக்கு வந்தார். பிள்ளைகளும் வந்தார்கள். முட்டியை மடக்கி, கையை விரித்து, பக்கவாட்டில் ஓடச் சொன்னார். ஓடினார்கள்.

உதவிப் பயிற்சியாளர் கோமதி தயங்கித் தயங்கி வந்தாள். ஒரு காலத்தில் இதே அணிக்குக் கேப்டன். முந்தின நாள்தான் செயலாளர் அவளைக் கூப்பிட்டு, "அந்தம்மாவைச் சம்மதிக்க வை, உன் வேலையை நிரந்தரமாக்குறேன். இல்லைன்னா நீயும் கிளம்பு" என்று சொல்லியிருந்தார். அதை ஒளிக்காமல் மேடத்திடம் சொன்னாள்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை மேடம். பயமா இருக்கு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"பயமாத்தான் இருக்கும்."

"விட்டுருங்களேன். பந்தே இல்லாம எதை விளையாடுறது? பாக்கிறவங்க சிரிக்காங்க."

"மதுரையில ஜெயிச்சியே, அந்த ஃபைனல் எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

"பந்து உன் கையில எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

கோமதி யோசித்தாள். "எல்லாம் சேத்தா நாலு நிமிஷம் இருக்கும்."

"மிச்ச நேரம் சும்மாவா நின்னே?"

"எப்படி நிக்க முடியும்? ஓடினேன். அந்த உயரமான பிள்ளையை நகரவிடாம மறிச்சேன். மூச்சு முட்டிச்சு."

"பந்து இல்லாமலா?"

"பந்து இல்லாமத்தான்."

மாடி ஜன்னலில் செயலாளர் வந்து நின்றார். மேடம் நிமிர்ந்து பார்த்தார். வணக்கம் வைக்கவில்லை.

"அவர் பூட்டினது அந்த நாலு நிமிஷத்தைத்தான். மிச்சத்துக்கும் பூட்டு இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லு."

கோமதி மாடிக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளைகளின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள்.