பூட்டிய கதவு கடலுக்குப் போனது

உப்பு விளைகிற ஓர் ஊரில், கடலைப் பார்த்தபடி ஒரு கதவு நின்றிருந்தது.

உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கியின் கதவு அது. நல்ல தேக்கு. நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளினாலும் அசையாத கனம். அதன் நெஞ்சில் ஓர் இரும்பு வளையம். வளையத்தில் ஒரு நீளச் சங்கிலி. சங்கிலியைச் சுவரோடு சேர்த்து இழுத்துக் கட்டி, மிச்சத்தைச் சுருட்டி, எல்லாவற்றையும் ஒரே பூட்டில் கோத்துவிட்டுப் போவான் காவல்காரன். அந்தப் பூட்டு ஒரு தேங்காய் அளவு இருக்கும்.

கதவுக்கு உலகத்தில் இரண்டே இடங்கள் தெரியும். உள்ளே, வெளியே. உள்ளே மூட்டைகளும், ஒரு பெரிய நல்ல தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. வெளியே வெயிலும் ஜனங்களும் இருந்தார்கள். யார் வந்து தட்டினாலும் கதவு முதலில் "யாரு?" என்று கேட்கும். பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் தட்டினால் திறக்காது. போலீஸ் ஜீப் வந்தால் தட்டாமலே திறக்கும்.

ஒருநாள் முப்பிடாதி என்ற உப்பளத்துக்காரி ஒரு நோட்டீசையும் பசைச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். "நிழலும் தண்ணீரும் எங்கள் உரிமை" என்று சிவப்பு மையில் அச்சடித்த நோட்டீஸ். கதவின் வெளிமுகத்தில் பசையை அள்ளிப் பூசி, நோட்டீசை வைத்து, உப்பில் வெந்துபோன உள்ளங்கையால் பட்பட்டென்று தட்டி ஒட்டினாள்.

"யாரு?" என்றது கதவு, வழக்கம்போல.

அவளுக்கு அது கேட்கவில்லை. ஆனாலும் பதில் சொன்ன மாதிரி ஒன்று சொன்னாள். "ஒம் மொதலாளிதான் படிக்க மாட்டேங்கான். நீயாவது படிச்சுக்கோ."

மறுநாள் காவல்காரன் கத்தியை வைத்துச் சுரண்டினான். காகிதம் போயிற்று. பசையும் கீறலும் போகவில்லை.

பிறகு ஒரு காலையில் கடல் வந்தது.

அது மனு எழுதிக்கொண்டு வரவில்லை. வாசலில் காத்துக் கிடக்கவும் இல்லை. பனைமரத்துக்கு மேலே தலை தெரிய, ஊரின் அகலத்துக்கு ஒரே சுவராக எழுந்து வந்தது. கதவு பழக்க தோஷத்தில், "யாரு?" என்று கேட்டது. கேட்டு முடிப்பதற்குள் சுவர் போய்விட்டது. கூரை போய்விட்டது. உள்ளே என்ற இடமே போய்விட்டது. வெளியே என்ற இடமும் போய்விட்டது.

கதவு கண் விழித்தபோது நடுக்கடலில் மல்லாந்து கிடந்தது. வெளிமுகம் தண்ணீருக்குள், இத்தனை வருஷம் இருட்டையே பார்த்திருந்த உள்முகம் வானத்துக்கு. ஊர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முப்பிடாதி என்ன ஆனாள் என்றும் தெரியவில்லை. பூட்டு மட்டும் சங்கிலிச் சுருளைக் கவ்விக்கொண்டு அடியில் தொங்கியது.

"நான் தெறக்கல பாத்தியா?" என்றது பூட்டு. "அம்மாம் பெரிய அலை. வீடே போச்சு. நான் தெறக்கல."

"எதைக் காக்கிறதுக்குப் பூட்டிக் கெடக்கே?" என்று சங்கிலிப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு நண்டு. அலை இழுத்துப்போன வேகத்தில் அகப்பட்டதைப் பிடித்துத் தொற்றிக்கொண்டவள்.

"யாரைக் கேட்டு ஏறினே?" என்று கதவு அதட்டியது.

"கடலைக் கேட்டுத்தான் நீரு எறங்கினீரோ, அண்ணாச்சி?"



பக்கத்தில் ஒரு நீலப் பீப்பாய் குதித்துக் குதித்து மிதந்து வந்தது. ஐஸ் கம்பெனிப் பீப்பாய். "கவலையே வேண்டாம்" என்றது. "நான் கம்பெனி சரக்கு. எந்தக் கரைக்குப் போனாலும் அங்க இருக்கிறவன் என்னைக் கையோட தூக்கிட்டுப் போவான். உன்னையும் தூக்குவான். நீ தேக்கு."

"தூக்கி?" என்றது கதவு.

"ஒரு வாசல் நிலையில மாட்டுவான். பெறகு நீ மறுபடியும் கதவு."

அந்தச் சொல் கதவுக்குள் ஆணிபோல இறங்கியது. அன்றிலிருந்து அதற்கு ஒரே நினைப்புதான். கரை. ஒரு நிலை. மறுபடியும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

ஆனால் கடலுக்கு அவசரம் இல்லை.

நீரோட்டம் என்பது கடலுக்குள் ஓடுகிற ஆறு. கரை இல்லாத ஆறு. அது கதவைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு போயிற்று. ஊரில் பார்த்த கடல் பழுப்பு. இங்கே அது நீலமாயிற்று, பிறகு நீலத்துக்கும் அடியிலிருந்து கறுப்பாயிற்று. ஒரு பக்கம் மழை நடந்து வரும், மறுபக்கம் வெயில் நின்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. எது யாருடைய தண்ணீர் என்று கேட்க ஆள் கிடையாது. இவ்வளவு பெரிய சொத்துக்கு ஒரு பூட்டு இல்லையே என்று கதவு மலைத்துப்போயிற்று.

அடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கொட்டலசு என்பது கல்லிலும் கட்டையிலும் ஒட்டி, தன் மேல் ஓடு கட்டிக்கொண்டு வளர்கிற சின்னஞ்சிறு உயிர். ஒட்டிய இடத்தை விட்டு நகராது. அதற்குப் பிடிமானம் வேண்டும். வழவழப்பான வண்ணப்பூச்சில் அதற்குப் பிடி கிடைக்கவில்லை. நோட்டீஸ் ஒட்டிச் சுரண்டிய இடத்தில் கிடைத்தது. முதல் கொட்டலசு அந்தக் கீறலில் உட்கார்ந்தது. அதைப் பிடித்து இன்னொன்று. பிறகு பாசி, பாசிக்குள் இறால் குஞ்சு, இறாலைத் தேடி மீன். நோட்டீஸ் இருந்த அகலத்துக்கு முதலில் ஒரு தெரு. பிறகு கதவு முழுக்க ஒரு ஊர்.

"எறங்குங்க எல்லாரும்! இது கிட்டங்கிக் கதவு" என்று பூட்டு கத்திப் பார்த்தது.

"எங்கே எறங்க?" என்று கொட்டலசுகள் ஒரே குரலில் கேட்டன. "கீழே பாருங்க. தரையே இல்ல."

பூட்டு கீழே பார்த்தது. உண்மையில் இல்லை.

போதாததற்கு, ஒரு மீன் குஞ்சு சாவித் துவாரத்துக்குள்ளேயே குடிவந்துவிட்டது.

"ஏ பொடிசு! அது சாவி வர்ற வழி."

"சாவின்னா என்ன மாமா?"

பூட்டு விளக்க ஆரம்பித்தது. சாவி என்றால் முதலாளி. முதலாளி என்றால் கிட்டங்கி. கிட்டங்கி என்றால்... அதற்குள் குஞ்சு தூங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு பூட்டு கொஞ்சம் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டது.

ஒரு நண்பகலில் கடல் மேடிட்டது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு தீவு எழுந்ததுபோல இருந்தது. தீவு மூச்சு விட்டது. அந்த மூச்சு பனை உயரத்துக்குப் போய், தூறலாகக் கதவின்மேல் விழுந்தது. திமிங்கிலம். அதன் கண் ஒன்று தண்ணீருக்கு மேலே வந்து கதவைப் பார்த்தது.

கதவு நடுங்கிக்கொண்டே கேட்டது. "யாரு? உள்ளே போறியளா, வெளியே போறியளா?"

 அந்தக் கண்ணில் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. திமிங்கிலம் கதவுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போயிற்று. போய் முடிய வெகுநேரம் ஆயிற்று. கதவின் நிழலில் ஒண்டியிருந்த மீன் ஒன்றுகூட அதன் உடம்பு பட்டுக் கலையவில்லை. அவ்வளவு பெரியது, அவ்வளவு மெதுவாக விலகிப் போயிற்று.

"என்ன அண்ணாச்சி, வாயடைச்சுப் போச்சு?" என்றாள் நண்டு.

"அது என்னைத் தட்டவே இல்ல" என்றது கதவு.

அன்றைக்குப் பிறகு அது யாரையும் அதட்டவில்லை. ஆனாலும் கரை என்ற ஆணி உள்ளே குத்திக்கொண்டேதான் இருந்தது.

மழைக்காலங்கள் வந்து போயின. ஒருநாள் பீப்பாய் கூவியது. "கரை! கரை!"

தென்னை தெரிந்தது. மணல் தெரிந்தது. கரைக்கு முன்னால் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு பவளப்பாறை வரிசை தெரிந்தது. கனமில்லாத பீப்பாயைக் காற்று முன்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. பாறைக்கு மேலே ஒரு குதி. மணலில் போய் விழுந்தது.

ஜனங்கள் ஓடி வந்தார்கள். பாஷை புரியவில்லை, சந்தோஷம் புரிந்தது. பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். பீப்பாயின் வயிற்றில் ஒட்டியிருந்த எல்லாவற்றையும் சுரண்டினார். கொட்டலசு, பாசி, சிப்பி என்று கொத்துக் கொத்தாக மணலில் விழுந்தது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு பொருள் கிடைத்தால் அதைச் சுத்தம் செய்கிறவர்கள். நம்மில் எல்லாரும் அப்படித்தான்.

"பாத்தியா! குளிப்பாட்டுதாங்க!" என்று பீப்பாய் பெருமையாகக் கத்தியது.

கொட்டலசுகள் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

பிறகு அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். அலையில் வருகிற கதவைக் கண்டார். கையை நீட்டிக் காட்டி, பின்னால் திரும்பி யாரையோ கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய ஒரு சின்ன வீடு இருந்தது. அதன் வாசலில் பாய் தொங்கியது. காற்று பாயைத் தூக்கியது.

நிலை காலியாக இருந்தது.

கதவு அந்த நிலையையே பார்த்தது. அதே உயரம். அதே அகலம். யாரோ அளந்து வைத்துக் காத்திருந்ததுபோல.

"அண்ணாச்சி" என்றாள் நண்டு. அவள் குரலில் கேலி இல்லை. "எனக்காகக் கேக்கேன்னு நெனைக்காதேயும். எனக்கு எட்டுக் காலு இருக்கு, குதிச்சுருவேன். இதுகளுக்கு ஒத்தக் காலு கெடையாது."

"நான் என்ன செய்ய? அலை தள்ளுது. நான் வெறும் கட்டை."

"வெறும் கட்டையா? சங்கிலி இருக்குல்லா. சுருளு பிரிஞ்சு தொங்கினா பாறையில மாட்டும். நீரு இங்கேயே நின்னுருவீரு."

"அதைப் பூட்டு பிடிச்சிருக்கே."

"ஆமா" என்றாள் நண்டு. "எப்பவும் அப்படித்தானே இருந்துச்சு."

பாறை நெருங்கியது. கதவு ஒருமுறை அந்தக் காலி நிலையைப் பார்த்தது. ஒருமுறை தன் அடியில் இருந்த ஊரைப் பார்த்தது. அங்கே ஆயிரம் சின்ன வாய்கள் திறந்து திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தன் நிழலில்.

முப்பிடாதி படிக்கச் சொன்னதை அது அன்றைக்குத்தான் படித்து முடித்தது.

"பூட்டு" என்றது கதவு. "தெறந்துரு."

"என்ன சொல்லுதே? சாவி இல்லாமத் தெறந்தா அதுக்குப் பேரு களவு. சாவி இல்லாமத் தெறந்தா நான் பூட்டா?"

"நிலை இல்லாம இத்தன காலம் நான் இருக்கலியா?"

"தெறந்தா நான் விழுந்துருவேன். கீழே... ரொம்பக் கீழே."

"தெரியும்" என்றது கதவு. அதற்குமேல் அதைக் கெஞ்சவில்லை.

பூட்டு கரையைப் பார்த்தது. பீப்பாயின் மேல் கத்தி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "இந்தப் பொடிசையும் அப்படித்தான் செய்வாங்களா?"

"உம்மைத்தான் மொதல்ல சுரண்டுவாங்க, காவக்காரரே" என்றாள் நண்டு. "துவாரத்துக்குள்ள குச்சியை விட்டு."

 துரு பூட்டை எப்போதோ தின்று முடித்திருந்தது. இத்தனை நாளும் அது விசுவாசத்தினால் மட்டுமே மூடிக் கிடந்தது.

"பொடிசு, வெளியே போ."

"ஏன் மாமா?"

"எனக்கு ஒரு வேல இருக்கு."

குஞ்சு வெளியே நீந்தியது. டக் என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம். உப்பளத்து ஜனங்கள் எத்தனையோ வருஷம் வாசலில் நின்று காது கொடுத்துக் காத்திருந்த சத்தம் அதுதான். பூட்டு திறந்த வாயோடு நீலத்துக்குள் இறங்கியது, கறுப்புக்குள் மறைந்தது.

சங்கிலி கடகடவென்று பிரிந்து பாறை இடுக்கில் விழுந்து மாட்டியது. கதவு குலுங்கி நின்றது. அடுத்த அலை அதை இரண்டு பாறைகளுக்கு நடுவே சாய்த்துச் செருகியது. தலை மட்டும் தண்ணீருக்கு மேலே. அடியில் இருந்த ஊர் முழுக்கத் தண்ணீருக்குள்.

கரைக்காரர்கள் படகில் வந்தார்கள். கயிறு போட்டு இழுத்தார்கள். சங்கிலி விடவில்லை. அந்த மனிதர் கதவைத் தட்டிப் பார்த்து, நல்ல மரம் என்று தம் பாஷையில் வருத்தப்பட்டிருக்க வேண்டும். அவர் வாசலில் இன்றைக்கும் பாய்தான் தொங்குகிறது. அதை நினைக்கும்போது கதவுக்கு அடிமரம் வரை வலிக்கும்.

அது இப்போதும் அங்கேதான் நிற்கிறது. அதற்கு முன்னாலும் கடல், பின்னாலும் கடல். அதன் நிழலில் வந்து ஒண்டுகிற மீனை அது எந்த ஊர் என்று கேட்பதில்லை. கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்காத நிழலும் தண்ணீரும் அங்கே கேட்காதவர்களுக்கெல்லாம் கிடைக்கின்றன.

ஊரிருந்த திசையிலிருந்து ஓயாமல் அலை வருகிறது. வந்து கதவின்மேல் அடிக்கிறது. பட்பட்டென்று, உப்பில் வெந்த உள்ளங்கையால் தட்டுகிற அதே சத்தம்.

கதவு "யாரு?" என்று கேட்பதில்லை. ஒவ்வொரு அலைக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"தெறந்துதான் கெடக்கு, தாயி. உள்ள வா."