மஸ்கட் சகோதரர்கள் கட்டிய வீடு

நாட்டில் முட்டாள்களுக்குத் தட்டுப்பாடு வந்தால் யாரும் கவலைப்பட வேண்டாம். கொக்குவாய்ப்பட்டிக்கு ஒரு லாரியை அனுப்பினால் போதும், நிரம்பித்தான் திரும்பும். அந்த ஊர்ச் சரக்கில் மூன்று உருப்படி ஏற்கெனவே மஸ்கட்டுக்கு ஏற்றுமதியாகி, ஒரு பேரீச்சம்பழக் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தது. மூத்தவன் கோமதிநாயகம், நடுவுள்ளவன் ஆவுடையப்பன், கடைசி உலகநாதன். மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாயை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

கோமதிநாயகத்துக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. பெண் கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்து ஊர் நல்லபெருமாள் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கணும். ஆவணியில பால் காய்ச்சுற அன்னைக்கு வந்து பாப்பேன். வீடு இருந்தா அங்கயே தட்டு மாத்திக்கிடுவோம். இல்லைன்னா எம் மவளுக்கு வேற இடம் பாத்துக்கிடுதேன்."

இதை விட்டால் தனக்கு வேறு பெண் இல்லை என்பது கோமதிநாயகத்துக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்த ஒரே விஷயமும் அதுதான்.

ஊரில் இருந்த மனையில் வீடு கட்ட, போனிலேயே இசக்கிராஜ் என்ற கான்ட்ராக்டரைப் பிடித்தார்கள். நேரில் பார்த்ததில்லை. ஆனால் போனில் குரல் கணீரென்று இருந்தது. இதைவிட ஒரு கான்ட்ராக்டருக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

"அண்ணாச்சி, வீடு நல்லா காத்தோட்டமா இருக்கணும்" என்றான் கோமதிநாயகம்.

"வெளிச்சமும் வேணும்" என்றான் ஆவுடையப்பன்.

"எல்லாத்தையும் என்கிட்ட விட்டுருங்க" என்றான் இசக்கிராஜ். விட்டுவிட்டார்கள், மாதாமாதம் சம்பளப் பணத்தையும் சேர்த்து.

முதல் மாதம் ஒரு போட்டோ வந்தது. வாசல் நிலை நின்றுகொண்டிருந்தது, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, மாவிலை கட்டி. மூவரும் கிடங்கிலேயே விழுந்து கும்பிட்டார்கள். இரண்டாம் மாதம் நிலைக்குக் கதவு வந்தது. மூன்றாம் மாதம் கதவுக்கு வார்னிஷ். நான்காம் மாதம் காலிங் பெல்லும் பூட்டும்.

உலகநாதனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அண்ணே, கதவுக்கு மேல ஒரே நீலமா இருக்கே, அது என்ன?"

"பெயின்ட்டுலே. நான்தான் நீலம் அடிக்கச் சொன்னேன்" என்றான் கோமதிநாயகம்.

"நடுவுல வெள்ளை வெள்ளையா இருக்கே?"

"டிசைன். காசு கொடுத்தாலும் எல்லா பெயின்டருக்கும் வராது."

"கதவுக்குப் பக்கத்துல ஒரு ஆடு நிக்குதே அண்ணே?"

"புது வீடு கட்டுனா நாலு பேரு பாக்க வரத்தான் செய்வாங்க" என்றான் ஆவுடையப்பன்.

உலகநாதன் விடாமல் இசக்கிராஜுக்கே போன் போட்டு, வீட்டின் உள்பக்கத்தைக் காட்டச் சொன்னான். "பால் காய்ச்சுறதுக்கு முன்னால உள்ளே பாத்தா கல்யாணம் தட்டிப் போயிரும், பரவாயில்லையா?" என்று கேட்டான் இசக்கிராஜ். கோமதிநாயகம் போனைப் பிடுங்கி மன்னிப்புக் கேட்டான். அன்றைக்கு முழுக்க உலகநாதனோடு ஒருவரும் பேசவில்லை.

இசக்கிராஜைப் பெரிய தில்லாலங்கடி என்று நினைத்துவிடாதீர்கள். இவர்களை ஏமாற்ற மூளை தேவையில்லை, போன் இருந்தால் போதும்.

ஆவணி வந்தது. பால் காய்ச்சும் நாளன்று காலையில் மூவரும் ஊர் வந்து இறங்கினார்கள். கருவேலங்காட்டு ஓரத்து மனையில் கதவு கம்பீரமாக நின்றது. நாலு செங்கல், கொஞ்சம் மண், ஒரு நிலை, ஒரு கதவு, ஒரு பூட்டு. அவ்வளவுதான் வீடு.

கோமதிநாயகம் காலிங் பெல்லை அழுத்தினான். சத்தம் வரவில்லை.

"உள்ளே ஆள் இல்லை போல" என்றான்.

இசக்கிராஜுக்குப் போன் போட்டார்கள். "சாவியோட வந்துகிட்டே இருக்கேன். அதுவரைக்கும் பூட்டைத் தொடாதீங்க" என்றான். அப்புறம் அந்த எண்ணில் இந்த ஜென்மத்தில் யாரும் எடுக்கவில்லை.

சும்மா நிற்பானேன் என்று ஆவுடையப்பன் சுற்றிப் பார்க்கப் போனான். மூன்றே எட்டில் கதவின் மறுபக்கம் வந்துவிட்டான்.

"அண்ணே! நான் வீட்டுக்குள்ள வந்துட்டேன்!"

"எப்படிலே?"

"பின்பக்கம் பூராவும் திறந்து போட்டிருக்காங்க!"

"பொறுப்பில்லாத பய. ஹால் எப்படி இருக்கு?"

"பெருசு. கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் ஹால்தான்."

"காத்து வருதா?"

"இடுப்புல வேட்டி நிக்க மாட்டேங்குது."

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்ன சொல் மாறாத மனுஷன் இசக்கிராஜ் என்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"சரி, வெளியே வாலே."

"எப்படி வர? கதவு பூட்டியிருக்குல்லா?"

"போன வழியா வாயேன்."

"பின்பக்கமா வெளியே வந்தா திருடன்னுல்ல சொல்லுவாங்க? சொந்த வீட்ல எனக்கு அந்தப் பேரு வேணுமா?"

நியாயம்தான் என்று மற்ற இருவருக்கும் பட்டது. மணி ஒன்பதானதும் ஆவுடையப்பன் பசியில் அழ ஆரம்பித்தான். உலகநாதன் ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தான். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் இட்லி நுழையவில்லை. திரும்ப ஓடி, தோசை வாங்கி வந்து நுழைத்தான்.

பத்து மணிக்கு நல்லபெருமாள் சொந்தபந்தங்களோடு, பழத்தட்டோடு வேனில் வந்து இறங்கினார். கதவைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். முகம் கறுத்தது.

"மாப்பிள்ளை, இந்த வீட்டுக்கு எம் மவளை அனுப்ப மாட்டேன்."

"ஏன் மாமா?" என்று பதறினான் கோமதிநாயகம்.

இவராவது உண்மையைச் சொல்லித் தொலைக்க மாட்டாரா என்றுதான் நானும் ஆசைப்பட்டேன்.

"வாசல் தெக்க பாத்துல்லா இருக்கு? எங்க குடும்பத்துக்குத் தெக்கு ஆகாது."

கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். நாற்பது வயது ஆண்பிள்ளை அப்படி அழுததைப் பார்க்க, அவன் முட்டாள்தான் என்றாலும், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அழாதீங்க அண்ணே, திருப்பி வச்சிருவோம்" என்றான் உலகநாதன்.

செங்கல்லைத் தள்ளினார்கள். பெண் வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஏலேலோ என்று நிலையும் கதவும் கிழக்கே திரும்பின.

"ஏ, மெதுவா! மெதுவா!" என்று மறுபக்கமிருந்து ஆவுடையப்பன் அலறினான். "உள்ளே ஆள் இருக்கேன்! தலை சுத்துது!"

நல்லபெருமாள் சூரியனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், சிரித்தார். அங்கேயே தட்டு மாற்றினார்கள். வேனில் ஏறப் போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, கோமதிநாயகத்தின் காதோரம் ரகசியமாகச் சொன்னார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா எம் மவ குடி வர்றதுக்கு முன்னால, உள்ளே இருக்கிற ஆளைக் காலி பண்ணச் சொல்லிருங்க."

கோமதிநாயகம் தர்மசங்கடத்தோடு கதவைப் பார்த்தான்.

"ஒரு மாசம் டைம் கொடுங்க மாமா. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன். சட்டுனு வெளியே போன்னு சொல்ல முடியுமா?"