சாப்பிட்ட பிறகு

முப்பத்தைந்து வருடம் பாலம் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர் வைத்திலிங்கம், அறுபத்தோரு வயதில் நாற்காலி செய்யக் கற்றுக்கொள்ளப் போனார். கற்றுக்கொடுத்த தெரேசாவுக்கு வயது முப்பத்தாறு. டென்மார்க்கில் ஏழு வருடம் தச்சுவேலை பயின்றுவிட்டு வந்து, கோவையில் பட்டறை போட்டிருந்தார்.

டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டு நாற்காலி ஒன்று பட்டறையில் இருந்தது. 1950களில் செய்தது. தேக்குச் சட்டம், முறுக்கிய காகிதக் கயிற்றில் பின்னிய இருக்கை, தாழ்ந்து வளைந்த முதுகு. கைப்பிடிகள் மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டிருந்தன.

"இதைப் பார்த்து ஒண்ணு செய்யுங்க சார்" என்றார் தெரேசா.

நான்கு மாதம் ஆயிற்று. பாதியில் நின்ற கைப்பிடி வைத்திலிங்கத்துக்குக் குறையாகப் பட்டது. முழங்கை நன்றாகப் பதியட்டும் என்று முன்னால் வரை நீட்டினார். முதுகையும் ஒரு சாண் உயர்த்தினார். இணைப்புகளில் மயிரிழை இடைவெளி இல்லை.

தெரேசா சுற்றிவந்து பார்த்தார். இருக்கையின் அடிப்பக்கத்தைக்கூடத் தடவிப் பார்த்தார்.

"இதுல உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிட்ட பிறகு?"

வைத்திலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. குழம்புக் கறை படியும் என்கிறாரோ? கறை ஒட்டாதபடி இரண்டு நாள் சோப்புக் கரைசல் பூசி மரத்தைத் தேய்த்தார்.

"சரி. சாப்பிட்ட பிறகு?"

தூக்கி வைக்கக் கனமோ? கால்களை இழைத்து மெலிதாக்கினார். மறுபடியும் அதே கேள்வி. எந்தப் பாலத்திலும் அவர் இப்படித் திணறியதில்லை.

"என்ன தப்புன்னு சொல்லிடுங்க டீச்சர். என் பொண்ணுக்காகத்தான் செய்யறேன். அவ அம்மா போனதுல இருந்து, சாப்பிட்டதும் தட்டை எடுத்துட்டு எழுந்து போயிடறா. வீட்டுல பேச்சே இல்ல."

தெரேசா சாப்பாட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வைத்திலிங்கத்தை அவர் செய்த நாற்காலியில் உட்காரச் சொல்லி, தான் டென்மார்க் நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்ததும் பக்கவாட்டில் திரும்பி, முதுகுச் சட்டத்தின் மேல் முழங்கையைப் போட்டுக்கொண்டார்.

"உங்க மனைவி பேரு என்ன சார்?"

வைத்திலிங்கமும் திரும்பப் போனார். கைப்பிடி தொடையில் இடித்தது; முதுகுச் சட்டம் முழங்கை போட முடியாத உயரத்தில் நின்றது. மேசையைப் பார்த்தபடியே, "கோமளவல்லி" என்றார். இடித்த கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

பிறகு எழுந்து போய் ரம்பத்தை எடுத்துவந்தார்.

கைப்பிடியை வெட்டி, முதுகை இறக்கி முடிக்க ஒரு வாரம் பிடித்தது.

"இப்ப சரியா டீச்சர்?"

"எனக்கெப்படி சார் தெரியும்? வீட்டுக்குக் கொண்டு போங்க."

மறுநாள் அதே குழப்பத்தோடு வந்து நின்றார்.

"பொண்ணு என்ன சொன்னாங்க?"

"நாற்காலியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சாப்பிட்டுட்டு அப்படியே திரும்பி உட்கார்ந்து அம்மாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா. கை காய்ஞ்சு போச்சு, எழுந்திரிக்கவே இல்ல. நாற்காலி நல்லா இருக்கா இல்லையான்னு நான் எப்படி டீச்சர் தெரிஞ்சுக்கறது?"

"நீங்க எதுல உட்கார்ந்திருந்தீங்க?"

"கைப்பிடி வச்ச பிளாஸ்டிக் நாற்காலியில."

தெரேசா ஒரு தேக்குப் பலகையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அப்ப உங்களுக்கும் ஒண்ணு செய்யுங்க சார்."