செவலைக்கு வந்த நோய்

காட்டோரத்துக் குளக்கரையில் இருபது வாத்துகளும் செவலை என்ற நாயும் வாழ்ந்துவந்தன. அவற்றை வளர்த்தவள் அஞ்சலை. நரி அண்டாமல் வாத்துகளைக் காத்தது செவலைதான்.

ஒருநாள் காலையில் செவலை எழுந்திருக்கவில்லை. கஞ்சியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அஞ்சலை அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்தும் பார்த்தார். "என்ன நோயென்று பிடிபடவில்லை அம்மா. ஊசி போட்டிருக்கிறேன். தண்ணீர் மட்டும் விடாமல் கொடுங்கள். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

மறுநாளும் செவலை எழவில்லை. அஞ்சலை அதை வேப்பமரத்தடியில் சாக்கு விரித்துக் கிடத்தினாள். பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வயல் வேலைக்குப் போனாள்.

வாத்துகளின் தலைவி கொண்டைக்காரிக்கு மனசு ஆறவில்லை. "காரணம் இல்லாமல் நோய் வருமா? முந்தாநாள் வரை ஓடியாடிய அக்கா இப்படிக் கிடக்கிறாளே" என்றது.

"இங்கே புதிதாக வந்தது யார்?" என்று ஒரு வாத்து கேட்டது.

எல்லாக் கண்களும் வேலிப் புதர் பக்கம் திரும்பின. போன வாரம்தான் ஒரு கீரி அங்கே குடிவந்திருந்தது.

கொண்டைக்காரி புதரடியில் போய் நின்றது. "நீதான் நோயைக் கொண்டுவந்திருக்கிறாய்."

"நான் ஒன்றும் செய்யவில்லையே" என்றது கீரி.

"அப்படியானால் அக்காவுக்கு என்ன நோய்? சொல் பார்ப்போம்."

"எனக்கும் தெரியவில்லை."

"தெரியவில்லையாம்! முழிக்கிற முழியைப் பாருங்கள்!"

இருபது வாத்துகளும் சேர்ந்து கொத்தின. கீரி குளத்தைச் சுற்றி ஓடியது. வாத்துகள் விடாமல் துரத்திக் கரைமேட்டுக்கு அப்பால் விரட்டிவிட்டுத் திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"அக்கா, இனிக் கவலையில்லை. கீரியைத் துரத்திவிட்டோம்" என்றது கொண்டைக்காரி.

செவலை மெல்லக் கண் திறந்தது. அதன் நாக்கு வறண்டிருந்தது. "அவனையா? நேற்று நீங்கள் குளத்துக்குப் போனபின் அவன்தான் என்மேல் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டான். இன்று என் கால் பட்டுச் சட்டி கவிழ்ந்துவிட்டது. கூப்பிட்டேன். யாரும் இல்லை."

கொண்டைக்காரி ஓடிப்போய்க் குளத்தில் முங்கியது. நனைந்த இறகைச் செவலையின் வாயருகே வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. மற்ற வாத்துகளும் ஒவ்வொன்றாக அப்படியே செய்தன.

பிறகு கொண்டைக்காரி கரைமேட்டைத் தாண்டிப் போனது. ஒரு கல்லிடுக்கில் கீரி காயத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, பயத்தில் புத்தி கெட்டுப்போய்விட்டேன். மன்னித்துக்கொள்."

"கொத்தின இடம் வலிக்கிறது. அதைப் பிறகு பேசலாம். அக்கா தண்ணீர் குடித்தாளா?" என்றது கீரி.

இரண்டும் சேர்ந்தே திரும்பின.

அதன்பின் பகலில் ஒரு நிமிடம்கூடச் செவலை தனியாக இல்லை. மாலையில் அஞ்சலை வந்து மடியில் கிடத்திக் கஞ்சித்தண்ணீர் ஊட்டுவாள். ஒருநாள் குடிக்கும். மறுநாள் எல்லாவற்றையும் வாந்தியெடுக்கும். எட்டாம் நாள் ஒரு வாய் தயிர்சாதம் தின்றது. பத்தாம் நாள் தள்ளாடித் தள்ளாடிக் குளம் வரை நடந்து வந்தது.

"கடைசிவரைக்கும் என்ன நோயென்று தெரியவில்லையே. மறுபடி வந்தால் என்ன செய்வது?" என்று கேட்டது கொண்டைக்காரி.

"தெரியவில்லை. வந்தால் நீங்கள் என் பக்கத்தில் இருங்கள்" என்றது செவலை.

காரணம் தெரியாத துன்பம் வரும்போது பழிபோட ஆள் தேடி அலையாமல், துன்பப்படுகிறவரின் பக்கத்தில் இருப்பதே அன்பு.