கித்தேரியானின் நான்கு நகல்கள்

"எந்த டிஸ்க்கை நம்பலாம் சிஸ்டர்?"

யாகப்பன் இதைக் கேட்காத வாரம் இல்லை.

துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார முடியாத பிறவி. கடலில் ஆளை இழந்தவர்கள் சொல்வதைப் பதிந்து வைக்கும் சிறிய காப்பகம் ஒன்றை, சிஸ்டர் பெனிஞ்ஞா கோயிலுக்குப் பின்னால் நடத்திவந்தார். அங்கே யாகப்பன் சிஷ்யனாகப் போய்ச் சேர்ந்தார். சிஸ்டருக்கு அவருடைய மகள் வயது. அதில் அவருக்குக் கூச்சமில்லை.

சந்தேகம்தான் தீரவில்லை.

"மலிவு சி.டி. டிஸ்க் ரெண்டு வருஷத்துல உரிஞ்சிருது. விலை கூடினத வாங்குனா, உள்ள என்ன சாயம் பூசியிருக்கான்னு யாருக்குத் தெரியும்? ஹார்ட் டிஸ்க் ஓடிட்டிருக்கும்போதே மண்டையப் போட்டுரும். உப்புக் காத்து வேற. எதைத்தான் நம்ப?"

சிஸ்டர் மேசையிலிருந்த டிஸ்க் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நீங்க எழுதினதுதான?"

"ஆமா."

"பக்கத்து ஊருக்குக் கொண்டு போங்க. யாரு வீட்டுலயாவது போட்டுக் கேட்டுட்டு வாங்க."

"எதுக்கு? என் கம்ப்யூட்டர் டிரைவ்ல போட்டுப் பாத்தாச்சு. ஒரு பிழை இல்லை."

"எழுதினதும் அதே டிரைவ்தான?"

"பின்ன?"

சிஸ்டர் தன் வேலைக்குத் திரும்பினார். எப்போதும் அப்படித்தான், பாதியில் விட்டுவிடுவார்.

யாகப்பனுக்குச் சுருக்கென்றது. தெருத் தெருவாகத் தூக்கிக்கொண்டு அலைய அவர் என்ன ஐஸ் விற்கிறவரா? டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனார்.

*

கித்தேரியான் அந்த ஊர் மீனவர், தன் மகன் ஜெனிஸ்டனோடு கடலுக்குப் போனவர். படகைக் கப்பல் இடித்தது. அப்பன் மட்டும் கரைக்கு வந்தார். அன்று முதல் மகனைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனைவி அல்போன்சா கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஈரலில் புற்று வந்து படுக்கையில் விழுந்த பிறகு, அவரே ஆளனுப்பினார். யாகப்பன் ரெக்கார்டரோடு போனார்.

"எல்லாத்தையும் சொல்லிருதேன்," என்றார் கித்தேரியான். "ஆனா அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல என்னால ஆவாது. நான் போனதுக்கப்புறம் அவ கேட்டுக்கிடட்டும்."

அல்போன்சா தானே வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

யாகப்பன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பதிவு சுத்தமாக வந்தது. துளி இரைச்சல் இல்லை. இருப்பதிலேயே விலை கூடிய டிஸ்க் வாங்கி நான்கு நகல் போட்டார். நான்கையும் தன் டிரைவில் போட்டுச் சோதித்தார். பிறகு, வழக்கம்போல, அடுத்த ஆளைப் பதிவதற்காக ரெக்கார்டரின் மெமரி கார்டில் இருந்ததை அழித்தார். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தார். ஹார்ட் டிஸ்க்கைத்தான் அவர் நம்புவதில்லையே.

மழைக்காலத்தில் ஒருநாள் அந்த டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டு நின்றது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்.

தவக்காலம் தொடங்குமுன் கித்தேரியான் போய்ச் சேர்ந்தார்.

*

முப்பதாம் நாள் பூசை முடிந்து, கறுப்புச் சேலையோடு அல்போன்சா காப்பகத்துக்கு வந்தாள்.

"போடுங்கண்ணே. கேக்கத்தான் வந்தேன்."

யாகப்பன் முதல் டிஸ்க்கைப் போட்டார். புது டிரைவ் சுற்றியது, தேடியது, வெளியே தள்ளிவிட்டது.

அடுத்ததைப் போட்டார். அதுவும் அப்படியே. நான்கும் அப்படியே.

சிஸ்டரின் கம்ப்யூட்டரில் போட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஓடி அங்கேயும் போட்டார். எதிலும் திறக்கவில்லை.

பழைய டிரைவ் கோணலாக எழுதியிருந்தது. தான் கோணலாக எழுதியதைத் தானே படித்து, சரியென்று சொல்லியிருந்தது. இப்போது அந்த டிரைவும் இல்லை.

யாகப்பனுக்கு வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம்.

"கெட்டுப்போன டிஸ்க்கப் படிச்சு எடுக்குற ஆளு சென்னையில இருக்கான். அனுப்பிப் பாப்போம்," என்றார்.

அல்போன்சா தலையாட்டிவிட்டுப் போனாள்.

சென்னைக்குப் போன நான்கும் போனபடியே திரும்பி வந்தன. முடியாதாம். அல்போன்சாவும் மறுபடி வந்தாள். யாகப்பன் ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் வந்து கம்ப்யூட்டரை அணைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து, யாகப்பனுக்கு எதிரே போட்டு, அல்போன்சாவை உட்காரவைத்தார்.

"மெஷினை விடுங்க அண்ணாச்சி. அவரு பேசும்போது நீங்க அந்த ரூம்லதான இருந்திய?"

"ஆமா."

"காதுல மாட்டிட்டுத்தான இருந்திய?"

"ஆமா."

"சொல்லுங்க."

அல்போன்சாவின் முகம் தெளிந்தது. இது இத்தனை நாளும் தோன்றாமல் போயிற்றே என்பதுபோல முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாண்ணே. வார்த்தைக்கு வார்த்தை வேண்டாம். எம் மவன் எப்படிப் போனான்? கடைசியா எதும் சொன்னானா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

யாகப்பன் கண்ணை மூடினார். அந்த அறை அப்படியே வந்தது. ஃபேனை நிறுத்தியது, ஜன்னலைச் சாத்தியது, சத்த அளவைக் காட்டி ரெக்கார்டரில் ஏறி இறங்கிய பச்சைக் கோடு. கித்தேரியானின் உதடு அசைவதுகூடத் தெரிந்தது. எவ்வளவு தேடியும் அதிலிருந்து ஒரு சொல் கிடைக்கவில்லை.

"சொல்லுங்கண்ணே."

"ரெண்டு இடத்துல அவருக்குச் சத்தம் கூடிப்போச்சு, அல்போன்சா," என்றார் யாகப்பன். "ரெக்கார்டர்ல நான் குறைச்சு வச்சேன்."