பக்தை சட்டை உரித்தாள்

ஆற்றோரத்தில் இருந்த சிறிய மடம் ஒன்றில் மெய்யம்மை குருவாக இருந்தார். அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் வீரபாகு ஒருவர்தான் அவரைவிட வயதில் மூத்தவர். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

வீரபாகு ஒரு கும்பிடுபூச்சி வளர்த்தார். கறிவேப்பிலைச் செடியில் குஞ்சாகக் கிடைத்தது. வலை போட்ட கூடையில் குச்சி ஒன்றைச் செருகி, அதில் விட்டிருந்தார். எந்நேரமும் முன்கைகளைக் கூப்பியபடி இருந்ததால் பக்தை என்று பெயர் வைத்தார்.

“பதவியில் இருந்தவரை ஊரே கும்பிட்டது. இப்போது இவள் ஒருத்திதான் மிச்சம்” என்பார்.

“இவளாவது மனு கொடுக்காமல் கும்பிடுகிறாளே” என்பார் மெய்யம்மை.

ஒரு நாள் காலை வீரபாகு கூடையும் கையுமாக ஓடி வந்தார்.

“அம்மா, பக்தை பிழைக்கமாட்டாள் போலிருக்கிறது. நேற்றெல்லாம் ஈயைத் தொடவே இல்லை. நிமிர்த்தி வைக்க வைக்கத் தலைகீழாகப் போய்த் தொங்கினாள். இன்றைக்கு முதுகே வெடித்துவிட்டது!”

மெய்யம்மை குனிந்து பார்த்தார். வெடித்த தோலிலிருந்து வெளிறிய பச்சை உடல் முக்கால்வாசி வெளியே வந்து தொங்கியது. இடது முன்கை மட்டும் பழைய தோலுக்குள் மாட்டியிருந்தது. உடல் ஒரு தடவை துள்ளியது. பிறகு அசையவில்லை.

“சட்டை உரிக்கிறாள், தாசில்தார் ஐயா. தலைகீழாகத்தான் உரிப்பாள். கூடை எங்கே இருந்தது?”

“வெயிலில். குளிருமே என்று…”

“தோல் காய்ந்து ஒட்டிக்கொண்டது.”

வீரபாகுவின் முகம் சுண்டிப்போனது.

“இழுத்துவிடட்டுமா?”

“எதை?”

“தோலைத்தான்.”

“எது தோல், எது கை என்று தெரிகிறதா?”

வீரபாகு உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“தெரியவில்லை.”

“அப்படியானால் பஞ்சும் தண்ணீரும் கொண்டுவாருங்கள்.”

மெய்யம்மை கூடையைச் சுற்றி ஈரத்துணி போர்த்தினார். பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒட்டியிருந்த இடத்தில் பட்டும் படாமலும் ஒற்றினார். பிறகு பஞ்சை வீரபாகுவிடம் நீட்டினார்.

“காயும்போது நனையுங்கள்.”

“வேறு?”

“வேறொன்றும் இல்லை.”

“சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?”

“சும்மா இருந்தால் காய்ந்துவிடுமே.”

வீரபாகு அன்று பாடத்துக்கு வரவில்லை. எட்டிப் பார்த்த ஒருவர், “தாசில்தார் பிரசவம் பார்க்கிறார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீரபாகுவும் சிரித்தார், கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில் பக்தை இன்னொரு தடவை துள்ளினாள். இடது கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தன் காலிச் சட்டையையே பற்றிக்கொண்டு தொங்கினாள்.

“அம்மா, வந்துவிட்டாள்! ஆனால் இடது கை கொஞ்சம் வளைந்திருக்கிறதே. இனி அந்தக் கை உதவுமா?”

“தெரியாது. உடம்பு இறுகும்வரை தொடாதீர்கள்.”

வீரபாகு தொடவில்லை. கூடையை நிழலில் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் அந்தக் கையை மட்டும் பார்த்தார். அது மடங்கியே இருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே “ஆ!” என்று ஓர் அலறல் கேட்டது. வீரபாகு விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நுனியில் முள் தைத்ததுபோல் ரத்தம் துளிர்த்திருந்தது.

“ஈ கொடுக்கப் போனேன் அம்மா. ஈயை விட்டுவிட்டு என்னை வெடுக்கென்று பிடித்துவிட்டாள்! பொழுதெல்லாம் பஞ்சு பிடித்தவன் நான். கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?”

“எந்தக் கையால் பிடித்தாள்?” என்று கேட்டார் மெய்யம்மை.

“இட…” என்று ஆரம்பித்த வீரபாகு, விரலைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.